சொட்டாத ஏசி

அத்தியாயம் 7

அந்த வீட்டில் யாருக்காவது மூளை இருந்தது என்றால் அது வீட்டுக்காரரான கட்டடக் காண்ட்ராக்டருக்குத்தான். அவரோ தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். மிச்சம் இருந்தவர்களிடம்தான் நாங்கள் விசாரிக்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். நேற்று மதியம் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் யாரோ காண்ட்ராக்டரைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவருடைய அறையில் அலமாரி திறந்து கிடந்தது. இறந்துபோன மனைவியின் வைர நெக்லஸைக் காணோம். அது இருந்த வெல்வெட் பெட்டி மட்டும், கொஞ்ச நாளாக உடம்புக்கு முடியாத அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நர்ஸின் கைப்பையில் காலியாகக் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். அதோடு அவருடைய மூளை அன்றைய வேலையை முடித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டது.

"நான் கீழே கிச்சன்ல வெந்நீர் வச்சிட்டு இருந்தேன்" என்று நர்ஸ் சொன்னாளாம். வெந்நீர் சாட்சி சொல்ல வராது. இன்று மாலை அவளைக் கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்டுக்கு அனுப்பப் போகிறார்கள். ஒரு தடவை உள்ளே போய்விட்டால், நாளைக்கே நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும், எந்த வீட்டிலும் அவளை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். காலையில் எங்கள் ஆபீசுக்கு வந்த அவளுடைய அக்கா, ஒரு தையல்காரி, அழவெல்லாம் இல்லை. "சாயங்காலத்துக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கிளம்பும்போதும் அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

என் பாஸ் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். துப்பறியும் ஏஜென்சி வைப்பதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். எரிந்துபோன கடைகளைப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா முதலாளி பிடிக்க வைத்தாரா என்று சொல்லும் வேலை. அதனால் மனித குலத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. நான் பல வருஷம் ஏசி கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவன். எனக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. அவர் என்னைக் கூப்பிடுவதே சேல்ஸ்மேன் என்றுதான்.

ஹாலில் மூன்று பேர் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்த இன்ஸ்பெக்டர், சோபாவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரும் வெளியே போகக் கூடாது என்று வாசலில் நேற்றிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"எதுக்கு மேடம் வீண் அலைச்சல்?" என்றார் இன்ஸ்பெக்டர். "பெட்டி கிடைச்சிடுச்சு. நெக்லஸை எங்க ஒளிச்சான்னு அவளையே கேட்டா சொல்லிடப் போறா."

"வீட்டைத் தேடினீங்களா?"

"பெட்டிதான் பையில கிடைச்சிடுச்சே!"

பாஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் அங்கே இல்லாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் மாப்பிள்ளை. காண்ட்ராக்டருக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வந்து சேர்ந்தவர். சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். இப்போதுதான் தன்னுடைய ஏசி அறையிலிருந்து இறங்கி வருவதாக, கேட்காமலே சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நேத்து மதியம் எங்க இருந்தீங்க?" பாஸ் கேட்டார்.

"என் ரூம்லதான். முதல் மாடி. ஏசி ஓடிட்டு இருந்துச்சு. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தேன். ஒண்ணுமே கேக்கல."

"உங்க மாமனார் உருண்டு உங்க ரூம் வாசல்ல வந்து விழுந்திருக்காரு. அதுவும் கேக்கல?"

"மேடம், என்னோடது சாதாரண ஏசி இல்ல. இந்தத் தெருவுலயே அதான் பெரிசு. மூணு ரூமைக் குளிர வைக்கும்."

"உங்களுக்கு எத்தனை ரூம் சார்?" நான் கேட்டேன்.

"ஒண்ணு."

"அப்ப மிச்ச ரெண்டு ரூம் யார் வீட்டுல இருக்கு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி தரையைப் பார்த்தாள். "இவருக்கு ஏசி இல்லாம ஒரு நிமிஷம் இருக்க முடியாது" என்றாள், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குரலில். அவள் மட்டும் தினமும் மதியம் லேடீஸ் கிளப்புக்குப் போய்விடுவாளாம். நேற்றும் அங்கேதான் இருந்தாள். பார்த்தவர்கள் ஒரு கூட்டமே உண்டு.

அடுத்தவர் மாமா. அதாவது மகளுக்குத் தாய்மாமன், காண்ட்ராக்டருக்கு மச்சினர். அக்காவின் கல்யாணத்துக்கு வந்தவர். அக்கா போய்ச் சேர்ந்த பிறகும் கீழ்த்தளத்துப் பின்னறையை விட்டு நகரவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பச்சை நிறப் பூவாளி ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

"எனக்குச் செடின்னா உயிரும்மா" என்றார் பாஸிடம். "நேத்தும் பக்கத்துச் சந்துல தண்ணிதான் ஊத்திட்டு இருந்தேன். மாப்பிள்ளை ஏசிக்கு நேர் கீழ. டர்ருன்னு ஓடிட்டு இருந்துச்சு. சில்லுனு ஒரு சொட்டு பின்கழுத்துல விழுந்துச்சு. நிமிந்து பாத்தேன். மேல படிக்கட்டு ஜன்னல்ல மச்சான் நிக்கிறாரு, பின்னாடியே அந்த நர்ஸ் பொண்ணு. ரெண்டு கையாலயும் ஒரே தள்ளு!"

"ஒரு சொட்டுதானா விழுந்துச்சு?"

"ஒண்ணா? கொட்டுச்சும்மா. காலரே நனைஞ்சு போச்சு. தினமும் அப்படித்தான். அந்த ஏசித் தண்ணியிலயே பாதிச் செடி வளருதுன்னா பாத்துக்குங்க."

"அந்தச் சொட்டு விழலைன்னா நீங்க நிமிந்தே பாத்திருக்க மாட்டீங்க."

"ஆமாம்மா. தெய்வம் மாதிரி அந்தச் சொட்டு!"

தெய்வத்துக்கு வேறு வேலை இல்லை. மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்து ஜன்னல் திரையின் தையலை ரொம்பவும் அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பாஸ் எழுந்தார். "சேல்ஸ்மேன், வா. செடி பாக்கலாம்."

சந்து வீட்டின் இடது பக்கம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் நடக்க வேண்டிய அகலம். சுவரோரம் தொட்டிகள் வரிசையாக இருந்தன. செடிகளும் இருந்தன, ஆனால் உயிரோடு இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு குச்சியைத் தொட்டேன், ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

"பாஸ், இவருக்குச் செடின்னா உயிர்னு சொன்னாரே. செடியோட உயிரைத்தான் சொல்லியிருக்காரு. எடுத்துட்டாரு."

பாஸ் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மாடி ஜன்னலை அடைத்துக்கொண்டு, பின்பக்கம் சந்துக்குள் நீட்டியபடி மாப்பிள்ளையின் ஏசி. உண்மையிலேயே பெரியதுதான். ஜன்னலே அதற்குள் இருப்பது மாதிரி தெரிந்தது. அதற்குக் கீழே சுவர், நேற்று பெயிண்ட் அடித்தது போல வெள்ளையாக இருந்தது.

"வரும்போது தெருப் பக்கம் பாத்தியா?" என்றார் பாஸ். "காண்ட்ராக்டர் ரூம் ஏசி அங்க இருக்கு. அதுக்குக் கீழ சுவர் எப்படி இருந்துச்சு?"

"பச்சைப் பாசி. மேலேருந்து கீழ வரைக்கும் நீளமா ஒரு கோடு."

"இந்த சைஸ் ஏசி இந்தப் புழுக்கத்துல ஓடினா எவ்வளவு தண்ணி விடும்?"

"கீழ பக்கெட் வைக்கணும் பாஸ்."

"இந்தச் சுவர் என்ன சொல்லுது?"

"பெயிண்டர் நல்லவன்னு சொல்லுது."

அதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. எதிர்ப்பக்கக் காம்பவுண்ட் சுவரில் தொற்றி ஏறிப் பார்த்தேன். ஏசியின் பின்பக்கக் கம்பித் தகடுகளுக்கு நடுவே குளவி ஒன்று மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருந்தது. ஓடுகிற ஏசியின் முதுகில் எந்தக் குளவியும் குடித்தனம் வைக்காது. குளவிக்கு அந்த வீட்டுக்காரர்களைவிட விவரம் உண்டு.

"பாஸ், இது ஓடியே இருக்காது!"

"ஏன் ஓடலைன்னு போய்ப் பாத்துட்டு வா. நீதானே கடையில இருந்தவன்."

படியேறும்போது மகள் எதிரே வந்தாள். பாத்ரூம் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் சாவியை நீட்டினாள்.

"அவர் ரூம்தானே? போய்ப் பாருங்க. பாத்துட்டு என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நான் கிளப்புக்குப் போறதே அங்க ஏசி ஓடும்னுதான்."

கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த புழுக்கம் என்னை வெளியே தள்ளியது. கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன டேபிள் ஃபேன், அதன் தலையில் ஈரத் துண்டு. ஜன்னலில் ஏசி பளபளவென்று இருந்தது. முன்பக்கத்தில் கடை ஒட்டிய விளம்பரத் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்று அறைகள், கொட்டை எழுத்தில். திரையை விலக்கினேன். வயர் அழகாகச் சுருட்டிக் கட்டப்பட்டுத் தொங்கியது. நுனியில் பிளக். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எங்கள் ஊர் கரண்ட் மற்ற ஊர் மாதிரி இல்லை, வீட்டுக்குள் இரண்டு வகை லைன் வரும். விளக்கு, ஃபேன், மிக்ஸிக்கு எல்லாச் சுவரிலும் இருக்கும் பாயிண்ட் நூற்றுப் பதினைந்து வோல்ட். பெரிய சாமான்களுக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக இழுக்கும் லைன் இருநூற்று முப்பது. எவனாவது மாற்றிச் சொருகி வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று இரண்டுக்கும் துளையையே வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். சாதாரண பிளக்கில் இரண்டு தகடும் நிற்கும். இருநூற்று முப்பதுக்கு இரண்டும் படுத்திருக்கும். சின்ன அறைக்குச் சின்ன ஏசி போதும், அது சாதாரண பாயிண்டிலேயே ஓடும். பெரிசுதான் வேண்டும் என்றால் வீட்டில் தனி லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், குனிந்து சுவரைப் பார்த்தால் போதும்.

குனிய மாட்டார்கள். கடையில் என் முதல் கேள்வியே, "சார், ஜன்னலுக்குப் பக்கத்துல பாயிண்ட் எப்படி, நிக்குதா படுத்திருக்கா?" என்பதுதான். பாதிப் பேர் நான் அவர்கள் குடும்பத்தைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டது மாதிரி முறைப்பார்கள். "இருக்கிறதுலயே பெரிசைக் காட்டுப்பா" என்பார்கள். இந்த மாப்பிள்ளை அந்த ஜாதி. கையில் இருந்த பிளக்கில் இரண்டு தகடும் படுத்திருந்தன. சுவரில் இருந்த ஒரே பாயிண்டில் இரண்டு துளையும் நின்றன. தகடு இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஏசி பிறந்ததிலிருந்து மின்சாரத்தைப் பார்த்ததே கிடையாது.

பிறகுதான் சிரிப்பு நின்றது. ஏசி ஓடவில்லை என்றால் மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் பொய். பொய் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கு வரும்? நான் இரண்டிரண்டு படியாகத் தாவி ஹாலுக்கு வந்தேன்.

"இன்ஸ்பெக்டர் சார், டீயைக் கீழ வையுங்க! உங்க ஆள் இதோ நிக்கிறாரு. ஏசி ஓடிட்டு இருந்துச்சு, ஒண்ணும் கேக்கலைன்னாரே, அந்த ஏசிக்கு இந்த வீட்டுல சொருகுறதுக்கு இடமே கிடையாது!"

சொன்னதைப் புரிய வைக்க இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்த வேகம் இருக்கிறதே, நேற்று நர்ஸைப் பிடித்தவர் வேறு யாரோ என்று தோன்றியது.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார். "மாமனாரையே தள்ளிவிட்டியா? கொலை முயற்சி, திருட்டு, பொய் வாக்குமூலம். நட ஸ்டேஷனுக்கு!"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. மனைவியைப் பார்த்தார். அவள், "இப்பவாவது சொல்லித் தொலைங்க" என்றாள்.

"நான் வீட்டுலயே இல்ல" என்றார் மாப்பிள்ளை.

"பின்ன?"

"மெயின் ரோட்டுல இருந்தேன். ஏசி ஷோரூம்ல."

"எதுக்கு?"

குரல் தரைக்கு இறங்கிவிட்டது. "அங்க டெமோவுக்கு ஒரு ஏசி ஓடிட்டே இருக்கும். முன்னாடி சோபா போட்டிருப்பாங்க. தினமும் மதியம் போய்... வாங்க வந்தவன் மாதிரி உக்காந்திருப்பேன்."

நான் போனை எடுத்தேன். அது நான் வேலை பார்த்த கடைதான்.

"யாரு, சோபா சாரா?" என்றான் என் பழைய கூட்டாளி. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "நேத்தும் வந்தாரே! சாப்பிட்டுட்டு வந்தா பொழுது சாஞ்சுதான் எந்திரிப்பாரு. நேத்து குளிரு பத்தலைன்னு கம்ப்ளெயின்ட் வேற. ஏன்டா, வாங்குறாரா என்ன?"

"வாங்கிட்டாருடா. அதான் பிரச்சினை" என்று போனை வைத்தேன்.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னார். வாங்கப் போகும்போதே மாமனார், 'ரூம்ல எந்த லைன் இருக்குன்னு பாத்துட்டுப் போங்க மாப்பிள்ளை' என்றாராம். 'எனக்குத் தெரியும் மாமா' என்று இவர் சொல்லிவிட்டாராம். பிரித்த ஏசியைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. தனி லைன் இழுக்க வேண்டும் என்றால் மாமனாரிடம்தான் போய் நிற்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கோடை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வெந்திருக்கிறார், ஏசி ஜில்லென்று இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு. நான் எத்தனையோ முட்டாள்களுக்கு ஏசி விற்றிருக்கிறேன். சொந்தக் காசில் வாங்கிய ஏசிக்குப் பயந்து கடை ஏசிக்கு ஓடிய முட்டாளை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப இவர் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர், மறுபடி சோபாவில் சாய்ந்து. "நான் சொன்னேன்ல, நர்ஸ்தான்."

எனக்கும் மூஞ்சி தொங்கிவிட்டது. மாலை நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தையல்காரியிடம் போய் என்ன சொல்வது? ஒரு பிளக் படுத்திருந்தது என்றா?

பாஸ் அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக உள்ளே வந்து மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏசி ஓடிட்டு இருந்துச்சுன்னு நேத்து இன்ஸ்பெக்டர்கிட்ட முதல்ல சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப யார் யார் பக்கத்துல இருந்தாங்க?"

"எல்லாரும்தான். மாமாவும் இருந்தாரு. அவர் எனக்கு அப்புறம்தான் பேசினாரு."

"உங்க ஏசி தண்ணி தன் கழுத்துல சில்லுனு சொட்டுச்சுன்னு சொன்னாரே, அப்ப?"

மாப்பிள்ளை கழுத்துப் பட்டனைத் திருகினார்.

"ஓடாத ஏசி எப்படி சார் சொட்டும்? அவர் அந்தச் சந்துல இல்லவே இல்லைன்னு உங்களுக்கு அந்த நிமிஷமே தெரியும். சந்துல இல்லாதவர் ஜன்னல்ல நர்ஸைப் பாத்திருக்க முடியாதுன்னும் தெரியும். ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு ஜீப்புல ஏத்தினாங்க. நீங்க வாயைத் திறக்கல. ஏன்?"

"சிரிப்பாங்களே மேடம்" என்றார் அவர்.

பாஸின் முகத்தில் அப்போது வந்த அருவருப்பை நான் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், உணவு விடுதியில் தட்டில் கரப்பான் ஊர்ந்தபோது.

எல்லோர் கண்ணும் மாமா பக்கம் திரும்பியது. அவர் பூவாளியோடு எழுந்து, நைசாகப் பின்வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் பாஸ்.

"செடிக்குத் தண்ணி..."

"நல்லதுதான். வாடிப் போயிருக்கு பாவம். அப்படியே எங்களுக்கு முன்னாடி ஊத்துங்களேன்."

"இல்லம்மா, இதுல தண்ணி இல்ல. இனிமேதான் புடிக்கணும்."

"தண்ணி இல்லாத பூவாளியையா காலையிலேருந்து மடியில வச்சுக் கொஞ்சிட்டு இருந்தீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் இழுத்துக்கொண்டது. பாஸ் கையை நீட்டினார். மாமா பூவாளியை மார்போடு சேர்த்துக்கொண்டார். நான் அவருடைய தோளை அன்போடு பிடித்துக்கொள்ள, பாஸ் பூவாளியை வாங்கி மூக்கைக் கீழே சாய்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. பிறகு தலைகீழாகக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினார். கைக்குட்டை முடிச்சு ஒன்று தொப்பென்று தரையில் விழுந்தது. முடிச்சு அவிழ்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைரம் மின்னியது.

"அய்யோ, அம்மாவோட நெக்லஸ்!" என்றாள் மகள்.

இன்ஸ்பெக்டர் டீக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"வாசல்ல கான்ஸ்டபிள் நிக்கிறாங்க, வெளிய கொண்டுபோக முடியல" என்றார் பாஸ். "ரூம்ல வச்சா என்னிக்காவது தேடுவாங்கன்னு பயம். இன்ஸ்பெக்டர் தேடவே மாட்டாருன்னு தெரிஞ்சிருந்தா அலமாரியிலயே விட்டிருப்பாரு. மாப்பிள்ளை கௌரவத்துக்காக ஒரு பொய் சொன்னாரு. அது பொய்னு தெரியாம, இவர் அதுமேல தன்னோட பொய்யைக் கட்டிட்டாரு. அஸ்திவாரத்தைப் பாக்காம மாடி கட்டின கதை. அதுவும் காண்ட்ராக்டர் வீட்டுல!"

மாமா அழுதார். அழுகைக்கு நடுவிலும் ஜம்பம் குறையவில்லை. "அது எங்க அக்கா நகை. அலமாரியில சும்மாதானே கிடந்துச்சு. மச்சான் முழிச்சுக்கிட்டுப் பின்னாடியே வருவாருன்னு நான் என்ன கண்டேன்? கையை உதறினேன், அவர் விழுந்துட்டாரு."

"பெட்டியை நர்ஸ் பையில வச்சதும் கை உதறினப்பதானா?" என்றேன்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். இந்தத் தடவை சரியான கையில் மாட்டினார், மூன்றாவது முயற்சியில்.

ஸ்டேஷனுக்கும், எங்கள் ஆபீசில் காத்திருந்த தையல்காரிக்கும் போன் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து சேர்ந்தாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு இரவில் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. ஹாலில் நின்ற எவரையும் அவள் குற்றம் சொல்லவில்லை. "பெரியவருக்கு இப்ப எப்படி இருக்கு? கண்ணு முழிச்சாரா?" என்றுதான் முதலில் கேட்டாள். மகள் ஏதோ சொல்ல வந்து, முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நர்ஸ் தன் பையை எடுத்து உதறித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நாங்களும் கிளம்பினோம். மாப்பிள்ளை பின்னாலேயே வாசல் வரை வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார், அதுவும் அந்தப் பெண்ணிடம், என்று நான் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துவிட்டேன். அவர் நர்ஸைத் தாண்டிக்கொண்டு பாஸிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். மாமனார் கண்ணு முழிச்சதும்... அந்த ஏசி விஷயம் மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாமே?"

பாஸ் நின்றார்.

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்!"

"நீங்கதான் சொல்லப் போறீங்க. இந்தக் கேஸ்ல நீங்க முக்கியமான சாட்சி. அவர் சந்துல இல்லைன்னு நிரூபிக்கணும்னா உங்க ஏசி ஓடலைன்னு நிரூபிக்கணும். கோர்ட்ல கூண்டுல ஏறி, என்ன ஏசி வாங்கினேன், ஏன் ஓடல, மதியம் எங்க போய் உக்காந்தேன்னு ஒண்ணு விடாம சொல்லணும். முன் வரிசையில உங்க மாமனார் இருப்பாரு. ஜட்ஜுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாப் பேசுங்க."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாடிப்படியில், "மெதுவா, மெதுவா, செவுத்துல இடிக்காத!" என்ற சத்தம். சாட்சிப் பொருளைக் கொண்டுவரும்படி இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டிருந்தார். இரண்டு கான்ஸ்டபிள்களும் அந்தப் பிரம்மாண்டமான ஏசியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு முட்ட இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிளக் பின்னால் படிப்படியாகத் தட்டிக்கொண்டே வந்தது.

வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் கேட் மேல் சாய்ந்து நின்றார். "அட, மூணு ரூம் ஏசியாச்சே! என்ன சார், ரிப்பேரா?"

மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். முன்னால் நடந்த கான்ஸ்டபிள்தான், நல்ல மனிதர், நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்.

"ரிப்பேர் ஆகணும்னா ஓடணும்ல? இது ஓடவே இல்லையாம்!"

தெரு சிரித்தது. நர்ஸும் திரும்பிப் பார்த்தாள். என்ன ஏது என்று அவளுக்குப் புரிந்திருக்காது. தன்னை ஒரு ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது அந்த பிளக்கை மறைத்த வெட்கம்தான் என்று பிறகு நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

"இவ்வளவுதானா சார்?" என்றாள். "லைன் மாத்தச் சொல்லிப் பெரியவர்கிட்ட நானே கேட்டு வாங்கிக் குடுத்திருப்பேனே."

பிறகு, டிரிப் மாற்ற நேரமாகிவிட்டது என்று சொல்லி, அக்காவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வேகமாக நடந்தாள்.